ஒரு ஃப்ளாப்பியில் எத்தனை பக்கம் தமிழ் இருக்கும்?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். மயிலாடுதுறை பக்கத்துக் கிராமத்தில் தமிழாசிரியராக இருந்த உங்கள் அப்பா மறைந்த பிறகு, பரணில் ஒரு பிஸ்கட் டின் கிடைத்திருக்கிறது. உள்ளே 31 ஃப்ளாப்பி. 26 சின்னது, 5 பெரியது. ஊர்க் கோயில், வாய்க்கால், குளம் என்று அவர் பல வருஷம் எழுதி வந்ததெல்லாம் அதில் இருக்கலாம் என்கிறீர்கள். ஒருவர் ‘ஒரு ஃப்ளாப்பியில் ஒரு நாவல்கூட ஏறாது’ என்றாராம், இன்னொருவர் ‘ஆயிரம் பக்கம் ஏறும்’ என்றாராம். எது சரி என்று கேட்கிறீர்கள். ஆனால் ஃப்ளாப்பியின் கொள்ளளவு தெரிந்து உங்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. அப்பாவின் எழுத்து அந்த டின்னுக்குள் எவ்வளவு இருக்கும், அதை எடுக்கப் பணமும் நேரமும் செலவழிக்கலாமா என்பதுதான் உங்கள் மனதில் இருக்கும் கேள்வி. ஒரு ஃப்ளாப்பி எவ்வளவு கொள்ளும் என்ற கணக்குக்குக் கறாரான விடை உண்டு. அதற்குள் எவ்வளவு எழுத்து இருக்கிறது என்பதற்கு அனுபவத்தை வைத்து ஓர் ஊகம்தான் சொல்ல முடியும். இரண்டையும் கலந்துவிடாமல் சொல்கிறேன்.

நான் 1993-லிருந்து கும்பகோணத்தில் டி.டி.பி. வேலை செய்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக மலர், தலபுராணம், ஆய்வேடு எல்லாம் அடித்துக் கொடுத்திருக்கிறேன். ஏறத்தாழ பத்து வருஷம் எங்கள் பிழைப்பே ஃப்ளாப்பியில்தான் ஓடியது. அதனால் இந்தக் கணக்கை அப்போது தினமும் போட்டிருக்கிறேன்.

முதலில் உறுதியானது. சின்ன ஃப்ளாப்பி, அதாவது மூன்றரை அங்குலம், பெரும்பாலும் 1.44 எம்பி. இந்த 1.44 என்ற எண்ணே கொஞ்சம் குழப்பமானது. வட்டின் இரண்டு பக்கத்திலும் 80 தடங்கள், ஒவ்வொரு தடத்திலும் 18 துண்டுகள், ஒரு துண்டுக்கு 512 பைட். எல்லாவற்றையும் பெருக்கினால் 14,74,560 பைட் வரும். அதை ஒரு முறை 1024-ஆலும் இன்னொரு முறை 1000-ஆலும் வகுத்ததால் 1.44 ஆயிற்று. அதிலும் முழுக்க நமக்குக் கிடைக்காது. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று எழுதிவைக்கும் அட்டவணைக்கு 33 துண்டுகள் போய்விடும். மிச்சம் 14,57,664 பைட். கோப்புகளின் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. அட்டவணையில் 224 வரிகள்தான், அதற்கு மேல் கோப்பு வைக்க வேண்டுமானால் உள்ளே ஃபோல்டர் போட வேண்டும். சின்னதிலேயே பழைய வகை 720 கேபி. மூலையில் எழுத்துத் தடுப்புத் துளை (வட்டில் புதிதாக எதையும் எழுதவிடாமல் தடுப்பது) ஒன்று மட்டும் இருந்தால் 720, எதிர் மூலையில் இன்னொரு துளையும் இருந்தால் 1.44. பெரியது ஐந்தேகால் அங்குலம். அதில் 360 கேபியும் உண்டு, 1.2 எம்பியும் உண்டு. நடுத்துளையைச் சுற்றி ஒரு வளையம் ஒட்டியிருந்தால் பெரும்பாலும் 360. வளையம் இல்லாவிட்டால் 1.2 ஆக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் இதை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம், லேபிளில் அச்சிட்டிருப்பதையும் பாருங்கள். 360-இல் பயன்படக் கிடைப்பது 3,62,496 பைட். 1.2-இல் 12,13,952.

இனி தமிழுக்கு வருவோம். உங்களுக்குச் சொன்ன இரண்டு பேருமே அவரவர் கணக்கில் ஓரளவு சரி. ஒருவர் இன்றைய யூனிகோட் தமிழை நினைத்துச் சொல்லியிருப்பார், இன்னொருவர் அந்தக் காலத்து எழுத்துரு தமிழை நினைத்துச் சொல்லியிருப்பார். ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். தமிழில் அந்தக் கேள்விக்கு ஒரே விடை கிடையாது. ‘கும்பகோணம்’ என்று எழுதிப் பார்ப்போம். நம் கண்ணுக்கு ஆறு எழுத்து. யூனிகோடில் க, உகரக் குறி, ம, புள்ளி, ப, க, ஓகாரக் குறி, ண, ம, புள்ளி என்று பத்துத் துண்டு. இணையத்தில் வழக்கமான யூடிஎஃப்-8 முறையில் துண்டுக்கு மூன்று பைட், ஆக 30 பைட். 90-களின் எழுத்துருக்கள் பலவற்றில் ‘கு’ ஒரே வடிவம், ‘ம்’ ஒரே வடிவம், ‘கோ’ மட்டும் கொம்பு, க, கால் என்று மூன்று வடிவம். ஒரு வடிவத்துக்கு ஒரு பைட். எண்ணிப் பார்த்தால் 8. அதே ஊர்ப்பெயர்தான், 30-க்கு 8.

எல்லாப் பழைய எழுத்துருவும் ஒன்றுபோல் கிடையாது. பாமினி எழுத்துருவில் ‘அம்மா’ என்று அடிக்க ஆங்கில விசைப்பலகையில் எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் என்று ஐந்து விசை தட்ட வேண்டும். அதில் புள்ளி தனி விசை, அதனால் ஐந்து பைட். ‘ம்’ ஒரே வடிவமாக இருக்கும் எழுத்துருவில் அதுவே நான்கு. வித்தியாசம் இவ்வளவுதான், யூனிகோடின் 15 பைட்டுக்கு முன்னால் இரண்டுமே சிறியவை. 1999-இல் தமிழ்நாடு அரசு டாம், டாப் என்று இரண்டு எழுத்துருக் குறியீட்டுத் தரங்களை வகுத்தது. அதற்கு முன்பு ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டப்படி எழுத்துகளை அடுக்கியிருந்தது. அதன் விளைவு என்ன என்று பின்னால் சொல்கிறேன்.

சரி, பக்கக் கணக்கு. முதல் குறளை எடுத்துக்கொள்ளுங்கள். ‘அகர முதல’ என்று தொடங்கி ‘உலகு’ வரை 26 எழுத்து. பழைய எழுத்துருவில் எழுத்துகளுக்கு 30 பைட். இடைவெளிக்கு ஐந்து, இரண்டு வரிமுறிவுக்கு நான்கு சேர்த்தால் 39. யூனிகோடில் எழுத்துக்கே 117, மொத்தம் 126. ஏறக்குறைய மூன்றே கால் மடங்கு. திருக்குறள் முழுவதும் சுமார் 42 ஆயிரம் எழுத்து. இதே விகிதத்தில் பழைய எழுத்துருவில் 60 ஆயிரம் பைட் சுற்றி வரும். ஒரு 1.44 ஃப்ளாப்பியில் 1330 குறளையும் இருபது தடவைக்கு மேல் எழுதலாம். யூனிகோடில் ஏழு தடவை எழுதலாம். இன்னும் ஒன்று, உங்கள் ஊர்ப் பக்கம் தேரழுந்தூர்க்காரரை வைத்தே போட்டுப் பார்த்தேன். கம்பர் பாடியது பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல். ஒரு பாட்டுக்கு 70 எழுத்து என்று மட்டாக வைத்தால், வெறும் மூலபாடம் பழைய எழுத்துருவில் ஒரே ஃப்ளாப்பியில் ஏறிவிடும், கொஞ்சம் இடமும் மிஞ்சும். யூனிகோடில் மூன்று ஃப்ளாப்பி வேண்டும். இந்த 70 என் மதிப்பீடுதான், பாவகைக்குப் பாவகை அது மாறும்.

உரைநடைக்கு எங்கள் கடையில் வைத்திருந்த கணக்கு வேறு. டெம்மி அளவுப் புத்தகப் பக்கத்தில் சுமார் 200 சொல். சொல்லுக்கு, அடுத்து வரும் இடைவெளியையும் சேர்த்து, 8 பைட். ஆக, பக்கத்துக்கு 1,600. அப்படியானால் 1.44 ஃப்ளாப்பியில் 900 பக்கம், 1.2-இல் 750, 360-இல் 225. யூனிகோடில் பக்கத்துக்கு 5,000 பைட் வரும், 1.44-இல் 290 பக்கம்தான் ஏறும். உங்களிடம் ‘ஆயிரம் பக்கம்’ என்றவர் கிட்டத்தட்டச் சரியாகவே சொல்லியிருக்கிறார். இதில் பைட் எண்கள் உறுதி. 200 சொல், 8 பைட் என்பவை பழக்கத்தில் வந்த சராசரி. நீளமான கூட்டுச்சொற்களாக எழுதும் புலவர் நடை என்றால் பக்கம் குறையும், பேச்சு நடை என்றால் கூடும். அங்கே இருபது சதவீதம் முன்பின் இருக்கலாம்.

இப்போது 26-ஐ 900-ஆல் பெருக்கி 23,400 பக்கம் என்று சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். பாத்திரம் எவ்வளவு கொள்ளும் என்பதுதான் இதுவரை போட்ட கணக்கு. பாத்திரத்தில் என்ன இருக்கிறது என்பது அந்தக் காலத்தில் ஃப்ளாப்பியை நாங்கள் எப்படிப் பயன்படுத்தினோம் என்பதைப் பொறுத்தது. இங்கிருந்து நான் சொல்வதெல்லாம் ஊகம். ஆனால் நூற்றுக்கணக்கான ஃப்ளாப்பி கைமாறியதைப் பார்த்தவனின் ஊகம்.

உங்கள் அப்பா சொந்தமாகக் கம்ப்யூட்டர் வைத்திருந்ததாக நீங்கள் எழுதவில்லை. அப்படியானால் அவர் கையால் எழுதி, ஏதாவது ஒரு டி.டி.பி. சென்டரில் கொடுத்து அடித்திருப்பார். எங்களைப் போன்றவர்கள் அதைப் பேஜ்மேக்கர் என்ற பக்கம் அமைக்கும் மென்பொருளில் அடித்து, ப்ரூஃப் எடுத்துக் கொடுத்து, திருத்தம் போட்டு, கடைசியில் பட்டர் ஷீட்டில் லேசர் பிரிண்ட் எடுத்து அச்சகத்துக்கு அனுப்புவோம். வேலை முடிந்ததும் ‘சார், இதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்’ என்று ஃப்ளாப்பியை எழுதியவர் கையில் கொடுத்துவிடுவோம். எங்கள் ஹார்ட் டிஸ்கில் இடம் இருக்காது, அடுத்த வேலைக்காக அழித்தாக வேண்டும். அதனால் அந்த டின்னில் இருப்பவை பெரும்பாலும் வெறும் பாடக் கோப்புகளாக இருக்காது, பேஜ்மேக்கர் கோப்புகளாக இருக்கும். நூறு பக்கப் புத்தகத்தின் பாடம் மட்டும் 160 கேபி என்றால், அதன் பேஜ்மேக்கர் கோப்பு எங்களுக்கு 400 முதல் 600 கேபி வரை வந்திருக்கிறது. திருத்தம் போடப் போட அது ஊதிக்கொண்டே போகும். ‘சேவ் ஆஸ்’ கொடுத்து மறுபடி சேமித்தால் பாதியாக இளைத்துவிடும். அது தெரியாத பையன்கள் ஒரு புத்தகத்தை மூன்று ஃப்ளாப்பியில் பிரித்து வைப்பார்கள். ஆகவே, ஒரு ஃப்ளாப்பிக்கு 900 பக்கம் என்று வைக்காமல், 200 முதல் 300 பக்கம் என்று வையுங்கள்.

கோயில் பற்றிய எழுத்து என்கிறீர்கள். கோபுரப் படம், கல்வெட்டுப் படி என்று ஏதாவது ஸ்கேன் செய்து சேர்த்திருந்தால் கணக்கு அடியோடு மாறும். ஒரு ஏ4 தாளைக் கறுப்பு வெள்ளைக் கோட்டுப்படமாக அங்குலத்துக்கு 300 புள்ளியில் ஸ்கேன் செய்து, சுருக்காமல் வைத்தால் ஏறக்குறைய 11 லட்சம் பைட். 900 பக்கத் தமிழ் கொள்ளும் ஃப்ளாப்பியில் அந்த ஒரே தாளே முக்கால்வாசி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். லேபிளில் ‘படம்’ என்றோ ‘அட்டை’ என்றோ எழுதியிருந்தால் அதில் பாடம் இருக்க வாய்ப்பு குறைவு.

லேபிளில் 1/4, 2/4 என்று வரிசை எண் போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் ஏஆர்ஜே அல்லது ஜிப் கொண்டு பெரிய கோப்பைச் சுருக்கிப் பல ஃப்ளாப்பியில் தொடராகப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். சுருக்கினால் பாடம் மூன்றில் ஒரு பங்காகவோ பாதியாகவோ ஆகிவிடும், அதனால் அங்கே பக்கங்கள் கூடும். ஆனால் நடுவில் ஒன்று படுத்தால் மற்றதைத் திறப்பதும் சிக்கலாகிவிடும். 1997-இல் ஓர் ஆய்வு மாணவரின் 400 பக்க ஆய்வேட்டை நான்கு ஃப்ளாப்பியில் இப்படிப் போட்டுக் கொடுத்தேன். ஒரு மாதம் கழித்து அவர் கொண்டுவந்தபோது மூன்றாவது ஃப்ளாப்பி படிக்கவில்லை. அவர் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. 130 பக்கம் மறுபடி அடித்தோம். அன்றிலிருந்து எதையும் இரண்டு பிரதி எடுக்காமல் கொடுத்ததில்லை.

உங்களுக்கு நம்பிக்கை தரும் விஷயமும் இந்தப் பிரதிப் பழக்கம்தான். ஃப்ளாப்பியை நாங்கள் யாரும் நம்பவில்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நம் ஊரில் சுவரே ஈரம் கோத்துக்கொள்ளும், காந்தப் பூச்சின் மேல் பூஞ்சை பிடிக்கும். அதனால் ஒரே புத்தகத்தை இரண்டு, மூன்று ஃப்ளாப்பியில் போடுவோம். ப்ரூஃப் திருத்திய பிரதி ஒன்று, திருத்தாதது ஒன்று, அச்சகத்துக்குப் போய்த் திரும்பியது ஒன்று. எழுத்துரு இல்லாமல் போனால் அச்சகத்தில் திறக்காது என்பதால் எழுத்துருக்களுக்கென்றே ஒரு ஃப்ளாப்பி. இதையெல்லாம் கழித்துப் பார்த்தால், உங்கள் 31-இல் வேறுவேறு எழுத்து என்று எட்டோ பத்தோ தேறும். எல்லாமே நிறைந்திருக்காது என்பதால், பக்கமாகச் சொன்னால் சில நூறிலிருந்து ஆயிரத்து ஐந்நூறு வரை. இதைவிட இறுக்கமான எண் ஒன்றை லேபிள்களைப் பார்க்காமல் யார் சொன்னாலும் நம்பாதீர்கள். பிரதிகள் இருப்பதால் பக்கம் குறைகிறதே என்று வருத்தப்பட வேண்டாம். ஒன்றில் பூஞ்சை தின்ற பகுதி இன்னொன்றில் முழுசாக இருக்கும். இரண்டையும் வைத்து ஒரு முழுப் பிரதி சேர்த்துவிடலாம், நானே அப்படிச் சேர்த்திருக்கிறேன். ஒருவர் இருபது வருஷம் வாய்க்கால் வாய்க்காலாக நடந்து எழுதிய ஐந்நூறு பக்கம் கிடைத்தாலே அது பெரிய விஷயம். மதகுப் பெயர், குளத்துப் பெயரெல்லாம் சொல்லத் தெரிந்தவர்கள் நம் பக்கத்தில் வேகமாகக் குறைந்துகொண்டு வருகிறார்கள். ஆகவே செலவழிக்கலாமா என்றால், தாராளமாகச் செலவழியுங்கள் என்பேன்.

எடுக்கும் முறையில் மட்டும் அவசரம் வேண்டாம். எதையும் டிரைவில் போடும் முன், சின்ன ஃப்ளாப்பியின் உலோக மூடியை விரலால் நகர்த்தி, நடுச்சக்கரத்தை மெல்லச் சுற்றி, உள்ளே இருக்கும் வட்டை வெளிச்சத்தில் பாருங்கள். கறுப்பாகவோ பழுப்பாகவோ பளபளவென்று இருந்தால் நல்லது. வெள்ளைப் புள்ளியோ மேகம் மாதிரித் திட்டோ தெரிந்தால் அது பூஞ்சை, அதைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். அதை டிரைவில் போட்டால் அதுவும் கெடும், டிரைவின் தலையில் அழுக்கு ஒட்டி அடுத்துப் போடும் நல்ல ஃப்ளாப்பியையும் கீறும். நல்லவற்றில் எழுத்துத் தடுப்பு விசையைத் தள்ளித் துளை திறந்திருக்கும்படி வையுங்கள். துளை மூடியிருந்தால் விண்டோஸ் தானாகவே எதையாவது அதில் எழுதிவிடலாம். ஐந்தேகால் அங்குலத்தில் இது தலைகீழ், பக்கவாட்டு வெட்டை ஒரு ஸ்டிக்கர் ஒட்டி மூட வேண்டும்.

யூஎஸ்பியில் மாட்டும் ஃப்ளாப்பி டிரைவ் சின்னதைப் படிக்கும். பெரியதற்கு அப்படிச் சுலபமான வழி இல்லை. பழைய டிரைவ் ஒன்றையும், காந்த அலையை அப்படியே பதிவு செய்யும் கிரீஸ்வீசில் போன்ற ஒரு சிறு பலகையையும் வைத்துத்தான் எடுக்க வேண்டும். அதை அந்த வேலை தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள், ஐந்துதானே. சின்னதிலும் கோப்புகளை ஒவ்வொன்றாக இழுத்து நகல் எடுக்காதீர்கள், முழு வட்டையும் அப்படியே ஒரே கோப்பாக, அதாவது படிமமாக எடுங்கள். 1.44 ஃப்ளாப்பி என்றால் படிமம் சரியாக 14,74,560 பைட் இருக்க வேண்டும், ஒரு பைட் குறைந்தாலும் எங்கோ விட்டுப்போயிருக்கிறது. படிமத்தில் இன்னொரு லாபம் உண்டு. விண்டோஸுக்கு முந்தைய டாஸில் ஒரு கோப்பை அழித்தால் அட்டவணையில் அதன் பெயரின் முதல் எழுத்து மாறும், அது இருந்த இடம் காலி என்று குறிக்கப்படும், அவ்வளவுதான். உள்ளே இருந்த பாடம் அதன் மேல் வேறொன்று எழுதப்படும் வரை அப்படியே கிடக்கும். அழித்துவிட்டு மறுபடி பயன்படுத்திய ஃப்ளாப்பியின் மூலையில் பழைய வரைவு ஒன்று கிடைப்பது அபூர்வம் இல்லை.

கடைசியாக, திறந்து பார்க்கும்போது ஆங்கில எழுத்தும் குறிகளுமாகக் கன்னாபின்னாவென்று வந்தால் கெட்டுப்போய்விட்டது என்று அழித்துவிடாதீர்கள். முன்னால் சொன்ன விளைவு இதுதான். பாடம் நன்றாகவே இருக்கும், அந்த எழுத்துருதான் உங்கள் கம்ப்யூட்டரில் இல்லை. டின்னில் ‘ஃபாண்ட்’ என்று எழுதிய ஃப்ளாப்பி இருந்தால் முதலில் அதைப் படிமம் எடுங்கள். அதில் இருக்கும் பெயர்களைப் பார்த்தால் எந்தக் குறியீட்டிலிருந்து யூனிகோடுக்கு மாற்ற வேண்டும் என்று தெரிந்துவிடும், மாற்றும் கருவிகள் இணையத்திலேயே கிடைக்கின்றன. மாற்றிய பிறகு கோப்பு மூன்று மடங்கு பெருத்துவிட்டதே என்று திகைக்க வேண்டாம், மேலே சொன்ன 30-க்கு 8 கணக்குதான் அது.

31 லேபிள்களையும் ஒரு தாளில் வரிசையாக எழுதி இங்கே போடுங்கள். எழுதியது, கிறுக்கியது, தேதி, எண் எதையும் விடாமல் எழுதுங்கள். எது மூலம், எது பிரதி, எதை முதலில் எடுப்பது என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.